கம்பி திற, கம்பி மூடு

கையக்கா இதுவரைக்கும் எழுதின பரீட்சைகளை எல்லாம் அவள் பேரிலேயே எழுதியிருந்தால், இந்நேரம் பேருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டி மாதிரி நின்றிருக்கும். வரலாறு எழுதியிருக்கிறாள். வணிகவியல் எழுதியிருக்கிறாள். விலங்கியலில் தவளையின் இதயத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அன்றைக்குச் சாப்பாடு இறங்காமல் தவித்திருக்கிறாள். அத்தனையும் அடுத்தவர் பேரில். அவள் பேரில் ஒரு துண்டுச் சான்றிதழ்கூடக் கிடையாது.

கண் தெரியாதவர்கள், கை முடங்கினவர்கள் பரீட்சைக்கு வந்தால், அவர்கள் வாயால் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாளில் எழுதித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இவள். யாரோ ஒரு பிள்ளை முதல் நாளில், "நீங்க என் கை மாதிரிக்கா" என்று சொல்லப்போக, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோச்சோ என்னவோ.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. எழுதித்தருகிறவர் அந்தப் பரீட்சைக்குக் கீழேதான் படித்திருக்க வேண்டும். அதற்கு மேலே படித்தவர் என்றால் காதோடு காதாக விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். கையக்காவுக்கோ, பள்ளியின் கடைசிப் பரீட்சைக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய வாரத்தில் அம்மா படுத்த படுக்கையாகி, பரீட்சையும் போச்சு, பின்னால் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். ஆக, படிக்காததுதான் அவளுக்கு இருந்த ஒரே தகுதி! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

பிழைப்பு என்னவோ நகல் எடுக்கும் கடையில்தான். பரீட்சை நாட்களில் மட்டும் கடைக்காரரிடம் தலையைச் சொறிந்து விடுப்பு வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு ஓடுவாள். பேருந்துச் செலவுக்குமேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் அந்த அறைக்குள் போய், புத்தம்புது விடைத்தாளைக் கையில் வாங்கி, ஓரத்தில் கோடு போடுகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அதற்காகப் பட்டினிகூடக் கிடப்பாள். நடுங்காத கை, அச்சடித்த மாதிரி எழுத்து. அதைவிடப் பெரிய விஷயம், வாய் திறக்கமாட்டாள். கேள்வியை வாசிப்பாள், சொன்னதை எழுதுவாள், கேட்டால் எழுதினதை வாசித்துக் காட்டுவாள். பக்கத்தில் இருக்கிற பிள்ளை ஆற்றின் பேரை மாற்றிச் சொன்னாலும், அரசனின் பேரை மாற்றிச் சொன்னாலும், முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. "என் கை மட்டும்தான் உள்ளே போகும். மூளையை வாசல்ல செருப்போட விட்டுட்டுப் போயிடுவேன்" என்பாள், பெருமையாக.

ஆனால் மூளை என்ன நாய்க்குட்டியா, வாசலிலேயே உட்கார்ந்திருக்க? அது அவளுக்குத் தெரியாமலே உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. கடையில் பள்ளிப் பிள்ளைகள் கணக்கு உரைநூலைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாக நகல் கேட்பார்கள். கண்ணாடிக்கடியில் வெளிச்சம் போய்வருகிற நேரத்தில் இவள் நான்கு வரி வாசித்துவிடுவாள். இப்படித் துண்டு துண்டாகப் பொறுக்கியே இயற்கணிதத்தில் பாதி அவளுக்கு வந்துவிட்டது. பாதிதான், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி எந்தப் பக்கத்தில் இருந்ததோ, அதை நகலெடுக்க யாரும் வரவில்லை. பொறுக்கினதிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று இருந்தது. சிறியது, பெரியது என்று குறி போட்டிருக்கிற கணக்கில் மைனஸால் பெருக்கினாலோ வகுத்தாலோ அந்தக் குறி திரும்பிக்கொள்ளும். பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது பேர் அதைத் திருப்ப மறப்பார்கள் என்று உரைநூலில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அந்த ஒன்பது பேரில் தான் இல்லை என்பதில் அவளுக்கு ஒரு கொழுப்பு. இருக்கட்டுமே, பாவம், அவளுக்கு வேறு என்ன இருந்தது?

வெல்டரை அவளிடம் அனுப்பியது பரீட்சை அலுவலகம். அவன் தொழிற்சாலையில் பற்றவைக்கிற வேலை பார்த்தவன். காலி என்று சொல்லிக் கொடுத்த பீப்பாயை வெட்டும்போது உள்ளே மிச்சமிருந்த ரசாயனம் வெடித்து, இரண்டு கண்ணும் போய்விட்டது. முகத்தில் ஒரு பக்கம் தோல் இழுத்துக்கொண்டிருக்கும். தொழிற்சாலைக்காரர்கள் அவனுக்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பள்ளிக் கடைசிச் சான்றிதழ் இருந்தால் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை, தொழிற்சாலைக் குடியிருப்பு வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யணும். மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டான். கணக்கில் மட்டும் இரண்டு தடவை மண்ணைக் கவ்விவிட்டான். தொழிற்சாலை கொடுத்த கெடுவுக்குள் மிச்சமிருந்தது இந்த ஒரு தடவைதான்.

பரீட்சைக்கு முன்னால் ஒரு தடவை சந்தித்துப் பேசிக்கொள்ளலாம் என்று விதி இடம் கொடுத்தது. அவன் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு, சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் வீட்டுக்குள் நடப்பான் என்று நினைத்தாள். அவள் பார்வை போன இடத்தைக் கவனித்து அவன் மனைவி சிரித்தாள்.

"அது துணி காயப்போட. இவர் அதைத் தொடவே மாட்டார்."

வெல்டர் நாற்காலியை அவள் பக்கம் சரியாகத் திருப்பிப் போட்டான். "வாங்கக்கா. முதல்லயே சொல்லிடறேன், என் கையைப் பிடிச்சு எங்கேயும் கூட்டிட்டுப் போகாதீங்க. வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டா போதும்."

"யாரு தம்பி கூட்டிட்டுப் போனாங்க?"

"யாரு கூட்டிட்டுப் போகலைன்னு கேளுங்க. போன மாசம் பேருந்து நிறுத்தத்துல இவளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கறேன். எங்கிருந்தோ ஒரு புண்ணியவான் வந்தாரு. ஒரு வார்த்தை கேக்கலை. லபக்குன்னு கையைப் பிடிச்சு, வண்டியெல்லாம் நிறுத்தி, என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுட்டு, 'பத்திரமா போப்பா'ன்னு முதுகைத் தட்டிட்டுப் போயிட்டாரு. நான் ரோட்டையே தாண்ட வேண்டியதில்லைங்க! அந்தப் பக்கம் எது எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியாது. இவ வந்து தேடி, நான் அங்கேயிருந்து கத்தி… விடுங்க. நல்ல மனுஷன்தான். அதுதானே வயித்தெரிச்சல்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கையக்கா கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

அப்புறம் அவன் விஷயத்துக்கு வந்தான். போன இரண்டு தடவையும் எழுத வந்தவர்கள் அடைப்புக்குறியை எங்கேயாவது திறந்து எங்கேயாவது மூடி வைத்தார்களாம். மட்டு என்று எண்ணுக்கு இரண்டு பக்கமும் நிமிர்த்திப் போடுகிற கோடுகளில் ஒன்றைப் போட்டு ஒன்றை விட்டார்களாம். கணக்கு சரி, எழுத்து தப்பு. "அதனால நமக்குள்ள ஒரு பாஷை வச்சுக்கலாம். அந்த ரெண்டு கோடும் எனக்குக் கம்பி. 'கம்பி திற'ன்னா ஒரு கோடு போடுங்க. 'கம்பி மூடு'ன்னா இன்னொண்ணு. நான் மூடச் சொல்றவரைக்கும் மூடாதீங்க."

"சரி."

"கம்பிக் கணக்குன்னா எனக்கு உசிருக்கா. ஏன் தெரியுமா? அது தூரத்தைப் பத்தின கணக்கு. கம்பிக்குள்ள மூணு கழித்தல் எக்ஸ்னு இருந்தா, எக்ஸ் மூணுக்கு எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு அர்த்தம். எந்தப் பக்கம்னு அது கேக்காது. இடமோ வலமோ, எவ்வளவு தூரம்? அவ்வளவுதான். இப்ப நான் இருக்கறதே அப்படித்தான். கதவு எவ்வளவு தூரம், அடுப்பு எவ்வளவு தூரம்."

ஈருறுப்பு விரிவு என்று இன்னொன்று. அடைப்புக்குள் இரண்டே உறுப்பு இருக்கும், அதற்கு மேலே ஒரு அடுக்கு. அதை விரித்தால் வால் நீண்டுகொண்டே போகும். ஒரு குறி பிசகினால் மொத்தமும் கோவிந்தா. வெல்டர் இரண்டு எக்ஸ் கழித்தல் மூன்று என்பதை மூன்றாம் அடுக்குக்கு மளமளவென்று விரித்தான். எட்டு எக்ஸ் கனம், கழித்தல் முப்பத்தாறு எக்ஸ் வர்க்கம், கூட்டல் ஐம்பத்துநாலு எக்ஸ், கழித்தல் இருபத்தேழு.

"சரியான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் கையக்கா. கேட்கக் கூடாதுதான். வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"ஒண்ணைப் போட்டுப் பாருங்க. எக்ஸ் இருக்கற இடத்துல எல்லாம் ஒண்ணு. ரெண்டுல மூணு போனா மைனஸ் ஒண்ணு. அதை மூணு தடவை பெருக்கினாலும் மைனஸ் ஒண்ணுதான். இப்ப விரிச்சதைக் கூட்டுங்க. எட்டு, முப்பத்தாறு போச்சு, அம்பத்துநாலு வந்துச்சு, இருபத்தேழு போச்சு. என்ன மிச்சம்?"

"மைனஸ் ஒண்ணு!"

"அப்ப மூட்டு பிடிச்சிருக்கு. நான் பத்தவச்ச மூட்டை எப்பவுமே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துட்டுத்தான் விடுவேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது கையக்காவுக்கு வழி நெடுகச் சந்தோஷம். இவன் தேறிவிடுவான், தேறியே ஆகணும் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் யாருக்காகவும் அவள் அப்படி நினைத்ததில்லை. அங்கேதான் சனி பிடித்தது.

பரீட்சைக்கு அவர்களுக்குத் தனி அறை. சத்தமாகச் சொல்லி எழுத வேண்டுமே, மற்றவர்களோடு உட்காரவைக்க முடியாது. வேதியியல் அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். கல் மேசை, துருப்பிடித்த குழாய், மூக்கைத் துளைக்கிற பழைய அமில வாடை. கதவோரம் ஒரு கண்காணிப்பாளர் அம்மா உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே விடுவதற்கு முன் கையக்காவிடம் வழக்கமான உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். சொன்னதைத் தவிர ஒரு புள்ளி கூட்டினாலும் குறைத்தாலும், எழுதியவரை நீக்குவார்கள், பரீட்சைக்கு வந்தவரின் தாளையும் ரத்து செய்வார்கள். அதை அவள் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். எத்தனை தடவைதான் வாசிப்பது?

எல்லாம் நன்றாகத்தான் போச்சு. அவன் நிதானமாகச் சொன்னான், இவள் முத்து முத்தாக எழுதினாள். ஒவ்வொரு விடையையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, "சரி, அடுத்தது" என்றான். கடைசிப் பகுதியில் கம்பிக் கணக்கு வந்தது. மூன்று கழித்தல் எக்ஸ், அதன் மட்டு ஐந்தைவிடச் சிறியது. எக்ஸ் எந்தெந்த எண்களாக இருக்கலாம்?

அவன் முகம் மலர்ந்தது. "இதோ வந்துட்டார் நம்ம ஆளு. எழுதுங்க. கம்பி திற. மூணு கழித்தல் எக்ஸ். கம்பி மூடு. சிறியது, அஞ்சு."

எழுதினாள்.

"அடுத்த வரி. மைனஸ் அஞ்சு, சிறியது, மூணு கழித்தல் எக்ஸ், சிறியது, அஞ்சு. அடுத்த வரி. எல்லாத்துலயும் மூணைக் கழிச்சாச்சு. மைனஸ் எட்டு, சிறியது, மைனஸ் எக்ஸ், சிறியது, ரெண்டு."

எழுதினாள்.

"கடைசி வரி. மைனஸ் ரெண்டு, சிறியது, எக்ஸ், சிறியது, எட்டு. வாசிங்க."

வாசித்துக் காட்டினாள். குரலில் ஒரு பிசிறு விழவில்லை. ஆனால் கண் மேல்வரிக்குத் திரும்பிப் போனது. மேல்வரியில் மைனஸ் எக்ஸ், கீழ்வரியில் வெறும் எக்ஸ். அப்படியென்றால் மைனஸால் பெருக்கியிருக்கிறான். ஆனால் குறி? மேலேயும் சிறியது, சிறியது. கீழேயும் சிறியது, சிறியது. திருப்பவே இல்லை!

"சரி, அடுத்தது" என்றான் வெல்டர்.

அடுத்தது ஈருறுப்பு. அதே இரண்டு எக்ஸ் கழித்தல் மூன்று, இந்தத் தடவை ஐந்தாம் அடுக்கு. கேள்வியை வாசித்தாள். "கொஞ்சம் இருங்க. தலைக்குள்ள அடுக்கிக்கறேன்" என்று சொல்லி, அவன் விரல்களை மேசைமேல் ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தான். அறையில் சத்தமே இல்லை. கண்காணிப்பாளர் அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையக்கா முந்தின பக்கத்தைப் புரட்டினாள். பத்துக்கு ஒன்பது பேர் மறப்பார்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது அவள் கண்முன்னால் வந்து நின்றது. இவனும் மறந்துவிட்டானே! இவ்வளவு தூரம் வந்து, ஒரு சின்னக் குறியிலா வழுக்கணும்? அந்த வீடு, அந்தப் பெண், அந்த நாற்காலி. கேட்கலாமா? கேட்டால் கண்காணிப்பாளர் காதில் விழும், இரண்டு பேருக்கும் ஆபத்து. கேட்காமல் செய்துவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? ரெண்டே ரெண்டு குறி.

அடித்தாள். சிறியது இருந்த இடத்தில் பெரியது போட்டாள், இரண்டு இடத்திலும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை சொல்லாததை எழுதியது. சொல்லத்தான் வேண்டும், அதில் ஒரு பெருமையும் இருந்தது. பக்கத்தைத் திரும்பப் புரட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆங், எழுதுங்க" என்று அவன் ஆரம்பித்தான். முப்பத்திரண்டு எக்ஸ் அடுக்கு ஐந்து, கழித்தல் இருநூற்று நாற்பது எக்ஸ் அடுக்கு நான்கு, கூட்டல் எழுநூற்று இருபது எக்ஸ் கனம், கழித்தல் ஆயிரத்து எண்பது எக்ஸ் வர்க்கம், கூட்டல் எண்ணூற்றுப் பத்து எக்ஸ், கழித்தல் இருநூற்று நாற்பத்து மூன்று. அப்புறம் உதடு அசைய மனசுக்குள் கூட்டிப் பார்த்து, "மைனஸ் ஒண்ணு. மூட்டு பிடிச்சிருச்சு" என்று சொல்லிச் சிரித்தான். மணி அடித்தது. வாசலில் அவன் மனைவி காத்திருந்தாள். "அக்கா, இந்தத் தடவை விட்டது ஒண்ணுமில்லை, எல்லாமே தட்டிப் பார்த்தது" என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

பேருந்தில் இடம் கிடைத்தது. கையக்கா சன்னலோரம் உட்கார்ந்து, வேண்டுமென்றே இல்லை, சும்மா சந்தோஷத்துக்கு, அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். மூன்றில் ஒன்று போனால் இரண்டு. இரண்டு ஐந்தைவிடச் சிறியது. ஆக ஒன்று என்பது விடையில் இருக்க வேண்டிய எண். தான் திருத்தின விடையில் இருக்கிறதா என்று பார்த்தாள். மைனஸ் இரண்டு பெரியது எக்ஸ், எக்ஸ் பெரியது எட்டு. ஒன்றைப் போட்டால், மைனஸ் இரண்டு ஒன்றைவிடப் பெரியதா? இல்லையே. ஒன்று எட்டைவிடப் பெரியதா? அதுவும் இல்லை.

வேறு எண்ணைப் போட்டாள். பத்தைப் போட்டாள், மைனஸ் பத்தைப் போட்டாள். எதுவும் உள்ளே போகவில்லை. போகாது. மைனஸ் இரண்டைவிடச் சின்னதாகவும், எட்டைவிடப் பெரியதாகவும் ஒரே எண் எப்படி இருக்கும்? அப்படி ஓர் எண் உலகத்திலேயே கிடையாது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் குறியைத் திருப்பாமல் விடவில்லை. குறியையும் திருப்பி, வரியையே முழுசாகத் திருப்பிப் போட்டுச் சொல்லியிருக்கிறான். கையில் இருக்கிற கம்பியை இந்த முனை அந்தப் பக்கமும் அந்த முனை இந்தப் பக்கமும் வருகிற மாதிரி மாற்றிப் பிடிப்பதில்லையா, அப்படி. வலது ஓரத்தில் இருந்த இரண்டு மைனஸாகி இடது ஓரத்துக்கு வந்திருக்கிறது. இடது ஓரத்து எட்டு வலதுக்குப் போயிருக்கிறது. இரண்டு தடவை திரும்பினால் குறி பழையபடி சிறியதுதானே? மூன்றிலிருந்து ஐந்து தூரம் இந்தப் பக்கம் போனால் மைனஸ் இரண்டு, அந்தப் பக்கம் போனால் எட்டு. அவனுக்கு அது தன் வீட்டு அடுப்பும் கதவும் மாதிரி தெரிந்திருக்கிறது. இவள் நகலெடுத்த உரைநூலில் இந்தப் பக்கம் இல்லை.

"ஐயோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்த்திசைப் பேருந்தைப் பிடித்துப் பரீட்சைக் கூடத்துக்கு ஓடினாள். கட்டுகளை அரக்கு வைத்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்றான் வாசல்காரன். "என்னம்மா, எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டான். யாரிடம் போய் என்ன சொல்வது? நான்தான் மாற்றினேன் என்று சொன்னால், அவனுடைய தாளையே ரத்து செய்வார்கள். காலையில்தானே அதற்குக் கையெழுத்துப் போட்டாள்? வாயைத் திறந்தாலும் அவனுக்குத்தான் அடி, மூடினாலும் அவனுக்குத்தான் அடி. மற்றக் கணக்குகள் அவனைக் கரையேற்றிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

முடிவு வருகிறவரைக்கும் அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர சாப்பிடவில்லை. கடையில் நகல் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வரியைக்கூட வாசிக்கப் பிடிக்கவில்லை. கடைக்காரர், "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

முடிவை வெல்டரே கொண்டுவந்தான். மனைவியோடு கடை வாசலில் வந்து நின்றான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு மார்க்குக்கா" என்றான். "ஒரே ஒரு மார்க்."

அவன் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"திரும்பத் திருத்தச் சொல்லி…" என்று இழுத்தாள் கையக்கா.

"கேக்கலாம். மாசக்கணக்கா ஆகும். வீடு அதுவரைக்கும் நிக்காது." கடையின் பலகையை விரலால் தடவிக்கொண்டு நின்றான். "அது கிடக்கட்டும். எனக்கு வேற பயம் வந்துருச்சுக்கா. எல்லாத்தையும் தட்டிப் பார்த்தேன். எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. அப்படியும் போச்சுன்னா என்ன அர்த்தம்? கண்ணு போனப்ப தலையாவது மிச்சமிருக்குன்னு நினைச்சேன். இப்ப அதுலயும் ஓட்டை விழுந்துடுச்சு போல. நான் சரின்னு நினைக்கறது சரியில்லைன்னா, நான் எதை நம்பி ஒரு அடி எடுத்து வைப்பேன், சொல்லுங்க."

சொல்லியிருக்கணும். அந்த இடத்தில் சொல்லியிருக்கணும். "அப்படியெல்லாம் இல்லை தம்பி" என்று ஏதோ முனகினாள். அந்த நேரம் பார்த்து யாரோ நகலுக்கு வந்து நிற்க, அதையே சாக்காக வைத்து உள்ளே திரும்பிவிட்டாள். கோழை. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் வீடு காலி செய்கிற அன்றைக்குக் கையக்கா போனாள். ஒரு சின்ன வண்டி வாசலில் நின்றது. அடுப்பும் பாயும் ஏற்றியாகிவிட்டது. அந்தத் துணிக்கயிற்றை அவன் மனைவி சுவரிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே அவளுடைய அண்ணன் வீட்டுக் கொட்டகையில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று, யாரும் கேட்காமலே சொன்னாள். வெல்டர் காலியான அறைக்கு நடுவில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எது எங்கே என்று தெரிந்துவைத்திருந்த அறையில் இப்போது எதுவுமே இல்லை.

"கையக்காவா? நடை தெரியுது."

அவள் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உன் தலையில ஓட்டை ஒண்ணும் இல்லை. நீ அந்தக் கம்பிக் கணக்கைச் சரியாத்தான் சொன்னே. நான்தான் மாத்திட்டேன்."

"என்னது?"

"வாசிச்சுக் காட்டினதுக்கு அப்புறம். நீ ஈருறுப்பை யோசிச்சுக்கிட்டிருந்தப்ப. மைனஸால பெருக்கிட்டு நீ குறியைத் திருப்ப மறந்துட்டேன்னு நினைச்சு, ரெண்டு குறியையும் திருப்பிட்டேன். நீ வரியையே திருப்பிப் போட்டதை நான் கவனிக்கலை. பேருந்துல போறப்ப ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது. நீ தேறணும்னுதான் பண்ணினேன்ப்பா. வேற ஒண்ணும் இல்லை."

வாசலில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெல்டர் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம், கையக்கா அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தாள். அவன் விரல்கள் மட்டும் முழங்கால்மேல் ஒவ்வொன்றாக மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

"மைனஸ் ரெண்டு பெரியது எக்ஸ், எக்ஸ் பெரியது எட்டு" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னான். "அப்படி ஒரு எண்ணே இல்லையேக்கா."

"இல்லை."

"முன்னாடி ரெண்டு பேர் தப்பா எழுதினாங்க. அவங்களுக்குக் கணக்குத் தெரியாது, போகட்டும். நீங்க, நான் தப்புப் பண்ணியிருப்பேன்னு நினைச்சுட்டீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு வார்த்தை கேக்கலை" என்றான். குரல் உயரவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்களும் என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுட்டீங்களேக்கா."

வண்டிக்காரன் வெளியே ஒலிப்பானை அடித்தான். வெல்டர் எழுந்தான். நாற்காலியை மனைவி எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். ஒரு தடவைகூட அவள் கையக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கதவு இருந்த திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். வாசல்படியில் அவிழ்த்த கயிற்றின் ஒரு முனை சுருண்டு கிடந்தது, காலில் மாட்டும். கையக்காவின் கை தன்னால் நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"படியில கயிறு கிடக்கு" என்றாள். "கையைப் பிடிக்கட்டுமா?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, காலால் துழாவிக் கயிற்றை ஒதுக்கி, அவன் தானாகவே இறங்கிப் போனான்.